பூமணி: குரலை உயர்த்தாத கதைக்காரர்

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த நாட்களில், மாலை நேரத்தில் அவருக்கு ஏதாவது வாசித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. நாளிதழைத் தவிர வேறெதையும் விரும்பிப் படித்தவரல்லர் அவர். ஆகவே நாவல் என்று சொல்லாமல், "நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று" என்று மட்டும் சொல்லி, பூமணியின் 'வெக்கை'யை எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு பக்கங்கள் வரை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொலை செய்துவிட்டு ஓடிவந்த பையனும் அவனுடைய அய்யாவும் காட்டில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து உண்ண வழி தேடும் பகுதிக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இத எழுதுனவன் காட்டுல கிடந்தவன்ப்பா" என்றார். பூமணியைப் பற்றி நான் படித்திருக்கும் கட்டுரைகளில் எதுவும் இத்தனை சுருக்கமாக விஷயத்தைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றி ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பூமணி 1947இல் கோவில்பட்டிக்கு அருகே உள்ள ஆண்டிபட்டியில் ஒரு தலித் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் பூ. மாணிக்கவாசகம். அந்த வட்டாரத்தை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரிசல் என்பது மழையை நம்பியே பிழைக்கும் மண். ஈரம் பட்டால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்தால் குழந்தையின் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளைந்தன. கூடவே கதைகளும் விளைந்தன என்பதற்கு, கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடைசெவல் என்ற ஒரே சிற்றூரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள் என்பதே போதும். கி.ரா. தொடங்கிவைத்த கரிசல் எழுத்தின் அடுத்த தலைமுறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பூமணி. ஆனால் கி.ரா.வின் கதைசொல்லி திண்ணையில் அமர்ந்து ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசுகிறவர். பூமணியின் கதைசொல்லியோ வேலை செய்துகொண்டே பேசுகிறவர். அவர் கை எப்போதும் எதையாவது அறுத்துக்கொண்டோ, முடைந்துகொண்டோ, சுமந்துகொண்டோதான் இருக்கும்.

படித்து முடித்துக் கூட்டுறவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, துணைப் பதிவாளராக உயர்ந்து, ஓய்வு பெற்றார். எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவரல்லர். தமிழில் புனைகதை எழுதியவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான் என்றாலும், பூமணியைப் பொறுத்தவரை இந்த வேலைக்கு ஒரு தனி அர்த்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கடன், வட்டி, சங்கம், நிலப்பத்திரம், தவணை என்று கிராமத்தின் பணம் எப்படி நகர்கிறது என்பதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அது. அவருடைய நாவல்களில் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, கூலி எப்படி அளக்கப்படுகிறது, யாருடைய கிணற்றில் யாருக்குத் தண்ணீர் என்பதெல்லாம் ஒருபோதும் மங்கலாக இருப்பதில்லை. சாதியை மனநிலையாக மட்டும் பார்க்காமல் நிலத்தோடும் நீரோடும் சேர்த்துப் பார்க்கும் கண், பிறந்த ஊரில் பாதியும் அலுவலகத்தில் பாதியுமாகக் கூர்மையாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

முதல் சிறுகதைத் தொகுப்பு 'வயிறுகள்' எழுபதுகளில் வந்தது. தலைப்பே ஒரு கொள்கை விளக்கம் போல இருக்கிறது. மனிதர்களை முகங்களாக எண்ணாமல் வயிறுகளாக எண்ணும் தலைப்பு அது. அதன் பிறகு 1979இல் 'பிறகு' நாவல் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. மணலூத்து என்ற கிராமத்துக்குச் செருப்புத் தைக்கவும் தோல் வேலை செய்யவும் வந்து சேரும் அழகிரி என்ற அருந்ததியர், அவருடைய மனைவி ஆவுடை, மகள் முத்துமாரி ஆகியோரின் வாழ்க்கையே அந்த நாவல். நாடு விடுதலை அடைந்து, கிராமத்துக்குள் தேர்தலும் பள்ளிக்கூடமும் ஒவ்வொன்றாக நுழைகின்றன. அழகிரியின் குடும்பத்துக்கு அவற்றால் என்ன வந்து சேர்ந்தது என்பதை அந்தத் தலைப்பின் ஒற்றைச் சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த நாவலைப் பற்றி நான் அதிகம் யோசித்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. தலித் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தம் முதல் நாவலை எழுத உட்காரும்போது, தம் சொந்தச் சமூகத்தின் துயரத்தை எழுதியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பூமணி, தம் சமூகத்துக்கும் கீழே ஊர் வைத்திருந்த குடும்பத்தின் குடிசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால்தான் ஊர் முழுவதும் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி உட்கார்ந்தவர் அழுதுகொண்டும் இருக்கவில்லை. அழகிரி சிரிக்கிறார், கிண்டல் பேசுகிறார், தம் வேலையில் பெருமைப்படுகிறார். தோலைப் பதம் பார்த்து அறுக்கிற கையின் தேர்ச்சி, ஊர்க்காரர்களின் ஏச்சைக் காதில் வாங்கியும் வாங்காதது போலக் கடந்துவிடும் பேச்சுச் சாமர்த்தியம், அந்தச் சாமர்த்தியத்துக்குப் பின்னால் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் வலி ஆகிய எல்லாமே பேச்சு வழியாகவே வருகின்றன. ஆசிரியர் குறுக்கே வந்து "பாருங்கள், எவ்வளவு கொடுமை" என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. சொல்லாததாலேயே அது நம் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பூமணியைப் பற்றி நான் சொல்ல விரும்புவது உண்மையில் இந்த ஒன்றைத்தான். ஒடுக்கப்பட்ட மனிதரை எழுதும்போது அவருடைய காயத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. வாசகரின் இரக்கம் உடனே கிடைத்துவிடும். ஆனால் இரக்கப்படுகிறவர் எப்போதும் ஒரு படி மேலே நின்றுகொண்டுதான் இரக்கப்படுகிறார். பூமணி நமக்கு அந்தப் படியைத் தருவதில்லை. அவருடைய மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்த வேலையில் கெட்டிக்காரர்கள் என்பதையெல்லாம் அறிந்துகொண்ட பிறகே அவர்களுக்கு நேரும் அநீதி நமக்கு வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் நமக்குத் தெரிந்தவர்களாகிவிட்டிருப்பார்கள்.

1982இல் வந்த 'வெக்கை'யில் இந்த முறை உச்சத்தை எட்டுகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் துண்டித்துவிட வேண்டும் என்று எண்ணி அரிவாளை வீசுகிறான். ஆள் செத்தே போகிறான். கதையின் முதல் அடியிலேயே இது நடந்து முடிந்துவிடுகிறது. பழிவாங்கும் கதை என்றால் எந்த இடத்தில் முடிய வேண்டுமோ, அந்த இடத்தில் பூமணி தொடங்குகிறார். அதன் பிறகு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய அய்யாவும் மகனும் மலையிலும் காட்டிலும் ஒளிந்து திரிவதுதான் நாவல். அண்ணன் ஏன் கொல்லப்பட்டான், வடக்கூரானுக்கு இவர்களுடைய நிலத்தின் மேல் எப்படிக் கண் விழுந்தது, ஆத்தா எப்படி அதை விட்டுக்கொடுக்க மறுத்தாள் என்பதெல்லாம் நடந்துகொண்டும் ஒளிந்துகொண்டும் அவர்கள் பேசும் பேச்சிலேயே துண்டு துண்டாகத் தெரியவருகின்றன.

கொலை செய்த மகனை ஓர் அய்யா எப்படி நடத்துவார்? திட்டுவாரா, தேற்றுவாரா? பரமசிவம் இரண்டையும் செய்வதில்லை. எந்த இடத்தில் படுத்தால் யார் கண்ணிலும் படாது, எதைத் தின்றால் பசி தாங்கும், எந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார். வேறொரு காலத்தில் விதைப்பையும் களையெடுப்பையும் எப்படிச் சொல்லித் தந்திருப்பாரோ அதே தொனியில் சொல்லித் தருகிறார். பையனுக்கு நடுவில் வீட்டு ஞாபகம் வருகிறது. ஆத்தாவின் கைச்சோறு ஞாபகம் வருகிறது. கொலை செய்த கையும் சோற்றுக்கு ஏங்கும் வாயும் ஒரே குழந்தையினுடையவை என்பதை நாம் மறக்கவே முடியாதபடி பூமணி அருகருகே வைத்துக்கொண்டு போகிறார். அப்பா என்னை நிறுத்திய இடமும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தக் குடும்பம் எந்தச் சாதி என்று நாவல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2019 அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கத்தில் 'அசுரன்' என்ற பெயரில் இந்தக் கதை படமாக வந்தபோது, கதை மகனிடமிருந்து அப்பாவிடம் கைமாறியது. வெள்ளைக்காரர் காலத்தில் தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் சாதி ஒடுக்குமுறையும் வெளிப்படையாகப் பேசப்பட்டன. படத்துக்கும் அதில் நடித்த தனுஷுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. படம் பேசியவை பேசப்பட வேண்டியவையே. நானும் திரையரங்கில் கலங்கித்தான் பார்த்தேன். இருந்தாலும் படத்தைப் பார்த்துவிட்டு 'வெக்கை'யைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்களிடம் நாவலையும் படிக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். படத்தில் இருப்பது கொதிப்பு. நாவலில் இருப்பது தலைப்பில் உள்ள அதே வெக்கைதான்: எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாமல், விடிந்ததிலிருந்து அடையும் வரை உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதே 2019இல் என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்ததால், எழுதப்பட்டு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சிறிய நாவலுக்குப் புதிய வாசகர்கள் கிடைத்தார்கள்.

'நைவேத்தியம்', 'வாய்க்கால்', 'வரப்புகள்' ஆகிய நாவல்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றில் 'நைவேத்தியம்' அக்கிரகாரத்து வாழ்க்கையை எடுத்துக்கொண்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தலித் எழுத்தாளர் என்ற முத்திரையைப் பூமணி ஏற்றுக்கொண்டதில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. செருப்புத் தைப்பவரின் குடிசைக்குள்ளும் அக்கிரகாரத்து வீட்டுக்குள்ளும் ஒரே உரிமையோடு நுழைந்து எழுதுகிற ஒருவர், இந்த வாசலோடு நின்றுகொள் என்று இலக்கிய உலகம் கோடு போடுவதை ஏற்காததில் வியப்பென்ன? அவருடைய எழுத்தைப் படித்த எவரும் அவர் யார் பக்கம் நிற்கிறார் என்று ஐயப்பட முடியாது.

தொண்ணூறுகளில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தைப் பூமணியே எழுதி இயக்கினார். நாசரும் ராதிகாவும் நடித்த அந்தப் படம் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளின் குழந்தைப் பருவம் கருகுவதைப் பற்றியது. இதைப் பற்றி என்னால் ஒதுங்கி நின்று எழுத முடியாது. என் அத்தை ஒன்பது வயதில் 'தீப்பெட்டி ஆபீஸ்' போனவர். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். விடிவதற்கு முன் ஊர் முக்கில் வண்டி வந்து நிற்கும். தூக்குவாளியில் பழைய சோற்றோடு பிள்ளைகளைத் தூக்கத்திலேயே ஏற்றிவிடுவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்பி வருவார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கி அடுக்கிப் பழகிய விரல்கள் இன்றைக்கும் அத்தைக்கு ஓய்ந்திருப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது விளக்குமாற்றுக் குச்சி கிடைத்தால் அதை ஒடித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார். கருவேல மரம் பூக்கும்போது சிறு சிறு மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும். அழகான பூ, ஆனால் எந்தச் சாமிக்கும் சாத்த மாட்டார்கள், எந்தப் பெண்ணும் தலையில் வைக்க மாட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்துவிட முடியாது.

அதன் பிறகு நீண்ட காலம் பூமணியிடமிருந்து நாவல் எதுவும் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான அந்த இடைவெளியை, எழுதி ஓய்ந்துவிட்டார் என்று பலர் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவரோ பழைய ஆவணங்களையும் வழக்குத் தாள்களையும் வாய்மொழிக் கதைகளையும் சேகரித்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையின் நல்கையும் அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது. 2012இல் க்ரியா பதிப்பகம் வெளியிட்ட 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நாவல். அதற்கு 2014ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கரிசல் மண்ணின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அந்த நாவலுக்குள் இருக்கிறது. உழவர், வண்ணார், பனையேறி என்று வெவ்வேறு குடும்பங்களின் தலைமுறைகள் அதில் பிறந்து, ஓடி ஆடி, செத்துப் போகின்றன. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் வருகிறது. 1895இல் கழுகுமலையில் ஊர்வல உரிமையை ஒட்டித் தேரோடும் வீதியில் நாடார்களுக்கும் மற்றவர்களுக்கும் மூண்ட கலவரமும், 1899இல் சிவகாசி கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டதும் நாவலின் இரத்தம் தோய்ந்த நடுப்பகுதியாக அமைகின்றன. பாடப்புத்தகங்களில் நாம் படித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு பாளையக்காரர்களோடும் வெள்ளைக்காரர்களோடும் முடிந்துவிடும். அதே நேரத்தில் பதனீர் இறக்கிக்கொண்டும் வெள்ளாவி வைத்துக்கொண்டும் இருந்தவர்களுக்கு நூற்றாண்டு எப்படிக் கழிந்தது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

மனத்தில் பட்டதைச் சொல்வதென்றால், 'அஞ்ஞாடி' முழுவதும் ஒரே தரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கலவரத்தின் விவரங்களும் வழக்கின் விவரங்களும் அடுக்கப்படும் இடங்களில் கதை ஆவணத்தின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்குகிறது. அவ்வளவு உழைத்துத் திரட்டியதில் எதையும் விட்டுவிட மனம் வரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டே அந்தப் பக்கங்களைக் கடந்தேன். ஆனால் முதல் சில நூறு பக்கங்களில் சிறுவர்கள் காடு கரையெல்லாம் திரியும் பகுதிகளையும், பஞ்சத்தில் மனிதர்கள் எதையெதையெல்லாம் உணவாக்கினார்கள் என்ற விவரங்களையும் படிக்கும்போது, தமிழில் இதற்கு ஈடாக எதைச் சொல்வது என்று திகைத்துப்போனேன். 'வெக்கை'யின் பூமணி ஒரு வாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு நெருங்கிப் பார்த்தாரோ, அவ்வளவு நெருங்கி ஒரு நூற்றாண்டையும் பார்க்க முயன்றிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அவர் ஓயவில்லை. மகாபாரதத்தை நாட்டார் மரபின் கண்ணோடு திரும்பச் சொல்லும் 'கொம்மை' 2018இல் வந்தது.

'அஞ்ஞாடி'யை முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் போனேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வெட்டுவான் கோயிலைப் பார்க்க மலையேறுவார்கள். நானும் முன்பு பல முறை ஏறியிருக்கிறேன். அன்றைக்கு மலையேறாமல் கீழே தேர் வீதியை மட்டும் ஒருமுறை சுற்றி வந்தேன். ஒரு வீட்டு வாசலில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி என்னை நிறுத்தி, யார் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டார். யார் வீட்டுக்கும் வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். கோயில் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினார்.

அப்பாவுக்கு 'வெக்கை'யை வாசித்து முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. கடைசிப் பக்கங்களை, அய்யாவும் மகனும் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படும் பகுதியை, இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். புத்தகத்தை மூடிய பிறகும் கட்டிலில் அப்படியே சாய்ந்திருந்தார். பையனுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று கேட்பார் என எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து, கண்ணுக்கு மருந்து விடுவதற்காக அம்மா வந்து நின்றபோது, என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அப்ப அந்தக் காட்ட இனி யாருப்பா உழுவா?"